கருப்புத் துணிக்குள்ள ஒரு ஹேண்டிகாம்

வாலே பேராண்டி, வா. வாசல்லயே ஏன் நிக்க? கையில கடலைமிட்டாய்ப் பொட்டலம், மொகத்துல பவ்யம். இந்த ரெண்டையும் ஒண்ணாச் சேத்துக் கொண்டாந்து எவனும் தாத்தனச் சும்மா பாத்துட்டுப் போனதில்ல. போன பொங்கலுக்குத் தெருமுக்குல இருந்தே கையக் காட்டிட்டுப் போன பய, இன்னிக்குச் சம்மணம் போட்டு உக்காருத. அப்ப பீரோவுல இருக்க என்னமோ ஒண்ணு மேல கண்ணு விழுந்திருக்கு. நகை இல்ல, பத்திரம் இல்ல. மிச்சம் கேமராதான்.

எனக்கு மிஞ்சுனது நாலு பல்லு. அதுலயும் ஒண்ணோட ஒண்ணு சேராது. அந்த வாய்க்குக் கோயில்பட்டிக் கடலைமிட்டாய் வாங்கியாந்திருக்க பாரு, நீதான்லே ரோசனைக்காரன். சரி வை. தண்ணியில ஊறப் போட்டாவது தின்னுருவேன்.

அது என்ன மடியில, துண்டு போட்டு மூடி வச்சிருக்க? அடடே, உங்க சித்தப்பனோட ஹேண்டிகாம்ல இது! பரண்ல கெடந்ததா? குட்டி கேசட் போடுத ரகம். இப்ப இளவட்டங்களுக்கு இதுதான் மோஸ்தராமே. செல்போன்ல பளிங்கு மாதிரிப் படம் விழுதது போதாதுன்னு பழைய ஹேண்டிகாமத் தேடி அலையுதாகளாம். சந்தோசம். எங்க காலத்துல பழசத் தூக்கிட்டுத் திரிஞ்சா தரித்திரம்னு பேரு.

இதுக்கு முன்னால என் போட்டோ கேமரா லென்ச மாட்டணும், சினிமாவுல வாரது மாதிரி பின்னால எல்லாம் மங்கலாப் போகணும். அம்புட்டுதானே? உங்க சித்தப்பனும் இதே திண்ணையில, இதே மாதிரி சம்மணம் போட்டு, இதே வார்த்தையச் சொன்னான். 2008ல. அவன் அதிரசம் கொண்டாந்தான். அந்த மட்டுக்கு அவன் ஒன்னவிட வெவரம்.

எனக்குச் சிரிப்பு எதுக்கு வருதுன்னா, நாப்பது வருசம் ஸ்டுடியோ வச்சுப் பொழச்சவன் நான். பொழப்பு பூரா ஒரே பயம்தான்: எதுவும் மங்கிரக் கூடாது. கூட்டுக் குடும்பம்னு இருபத்தேழு பேரு வந்து நிப்பாக. முன் வரிசையில கெழவி, பின் வரிசையில பெஞ்சு மேல ஏறி நிக்க மருமகன். லென்சு தொளைய நம்பர் 11ல வச்சு, லைட்ட அள்ளிப் போட்டு, மூச்சப் புடிச்சு எடுப்பேன். ஒரு காது அவுட்டாப் போச்சுன்னாலும் பிரிண்டத் தூக்கி மேசையில எறிஞ்சுட்டு, அட்வான்சக் கேட்டு நிப்பாக. மங்குனதுக்கு நான் காசத் திருப்பிக் குடுத்தேன். நீ மங்குறதுக்குக் காசு செலவு பண்ணப் போற. நல்லா இருங்கலே.

சரி, அந்த லென்ச இதுக்கு முன்னால அப்படியே ஒட்டுனா என்னன்னு கேக்க. ஒட்டு. யாரு வேண்டாம்னா? முதல்ல இந்த ஹேண்டிகாம் லென்சு கழலாது. கழட்டுனாலும் பிரயோசனம் கெடையாது. உள்ளாற இருக்க சிப்பு அகலம் 4.8 மில்லி, உசரம் 3.6 மில்லி. தொவரம்பருப்பு ஒண்ண எடுத்துப் பாத்துக்கிடு, அந்த அளவுதான். என் லென்சு படம் போடுதது 36க்கு 24 மில்லி பிலிமுக்கு. தீப்பெட்டி மேல ஒட்டுத படத்தவிட இம்புட்டுச் சின்னது, அம்புட்டுதான். தீப்பெட்டி மேல போட வேண்டிய படத்தத் தொவரம்பருப்பு மேல போட்டா, நடுவுல ஒரு துணுக்குதான் விழும். கதாநாயகிய எடுக்கப் போயி அவ மூக்குத்திய மட்டும் எடுத்துட்டு வருவ.

மங்கலுக்கும் அந்த அளவுலதான் சூச்சமம் இருக்கு. உங்க சித்தப்பன் இந்தத் திண்ணையில கரிக்கட்டியால கணக்குப் போட்டுக் காமிச்சான். ஆறரை அடி தள்ளி ஆள நிறுத்தி, என் 50 மில்லி லென்ச 2ல தொறந்து வச்சா, தெளிவா இருக்க எடம் ஒரு சாணுக்கும் கம்மி. மூணு அடிக்குக் கிட்ட வந்தா மூணு விரக்கடை. மூக்கு தெளிவா இருக்கும், காது கரைஞ்சு போகும். அதே ஆள, அதே அளவுக்குப் படத்துல வார மாதிரி ஆறரை அடியில ஹேண்டிகாம்ல எடுத்தா, சுமாரா அஞ்சு அடிக்கு எல்லாமே தெளிவு. ஆளும் தெளிவு, பின்னால கொடியில காயுத பாவாடையும் தெளிவு. அந்தப் பாவாடைய மறைக்கத்தான் ஒனக்கு இம்புட்டுப் பாடு. பாவாடைய எடுத்து உள்ள போட்டுட்டு எடுக்கலாம்லன்னு நான் அவன்ட்ட கேட்டேன். ஒரு வாரம் பேசல.

இதுக்குன்னே ஒரு சாமான் ஜெர்மனிக்காரன் பண்ணி வித்தான். பி ப்ளஸ் எஸ் டெக்னிக்குன்னு கம்பெனி, சாமான் பேரு மினி35. வெல, கேமரா வெலயத் தாண்டும். பிறவு அமெரிக்காவுல ரெட்ராக்கு, லீட்டஸுன்னு கொஞ்ச வெலயில வந்துச்சு. அதுவும் எட்டாதவன் எல்லாம் தண்ணிக் குழாயையும் பழைய சிடி பிளேயரையும் உடைச்சு வீட்லயே பண்ண ஆரம்பிச்சான். ஒலகம் பூரா ஒரு நாலஞ்சு வருசம் இந்தக் கிறுக்கு ஓடுச்சு. நம்ம வீட்லயும் ஓடுச்சு. உங்க ஆச்சியோட மிக்சி மோட்டாருக்குக்கூட ஆபத்து வந்துச்சு, நாந்தான் காப்பாத்துனேன்.

உங்க சித்தப்பன் அந்தச் சாமானப் படம் வரைஞ்சு வெளக்குனான். முன்னால போட்டோ லென்சு. நடுவுல ஒரு தேச்ச கண்ணாடி, பால் மாதிரி மங்கலா. லென்சு போடுத படம் அந்தக் கண்ணாடி மேல தீப்பெட்டி அளவுக்கு முழுசா விழும். பின்னால ஹேண்டிகாம நிறுத்தி, கண்ணாடியில விழுந்த படத்த அது படம் புடிக்கும். புதுசாக் கண்டுபுடிச்சவன் மாதிரி என் மொகத்தப் பாத்தான்.

நான் பேசாம எந்திரிச்சுப் போயி, பரண்ல இருந்து எங்க மொதலாளி குடுத்த மரப்பொட்டி கேமராவ எறக்குனேன். முன்னால பித்தளைக் குழாயில லென்சு. நடுவுல ஆர்மோனியத் துருத்தி மாதிரி தோல் மடிப்பு. பின்னால தேச்ச கண்ணாடி. அதுக்குப் பின்னால கருப்புத் துணி, துணிக்குள்ள நான். "ஏலே, இதுல என் தலைய எடுத்துட்டு ஒன் ஹேண்டிகாம் தலைய வச்சிருக்க. வேற என்ன பண்ணிருக்க?"ன்னேன். பய வாய் அடைச்சுப் போனான். உங்க சித்தப்பன் வாயடைச்சத நான் பாத்தது அன்னிக்கு ஒரு தடவ, அவன் கல்யாணத்துல ஒரு தடவ.

அந்தத் துணிக்குள்ள புகுந்தவனுக்குத்தான் தெரியும், கண்ணாடியில படம் தலைகீழா விழும். எடது வலதும் மாறி நிக்கும். மாப்பிள்ள காலு மேல, தலை கீழ. தலைகீழாத் தொங்குத ஆளப் பாத்து, "கொஞ்சம் சிரிங்க தம்பி"ன்னு சொல்லிப் பழகுனவன் நான். உங்க சித்தப்பன் மொத நாளு ஸ்கிரீனப் பாத்துட்டு, மிசின் கெட்டுப் போச்சுன்னு அலறுனான். கெடல ராசா, படத்த ஒரு அரை வட்டம் சுத்து, சரியாப் போகும். எடுத்த பிறவு கம்ப்யூட்டர்ல சுத்திக்கிடலாம். எடுக்கும்போதுதான் சள்ளை. ஆளு வலது பக்கம் நடந்தா ஸ்கிரீன்ல எடது பக்கம் போவான், நீ கேமராவ எதிர்த்தாப்புல திருப்புவ. சில கேமராவுல ஸ்கிரீன் கீலுக்குப் பக்கத்துல சின்னக் காந்தத்த வச்சா படம் தானாப் புரண்டுக்கிடும், அது ஒரு தந்திரம். எனக்குக் காந்தம் வேண்டாம். நான் பொறந்ததுல இருந்தே ஒங்க எல்லாரையும் தலைகீழாத்தான் பாக்கேன்.

இப்ப வேலைக்கு வருவோம். கண்ணாடிதான் உசுரு. கடையில மங்கல் கண்ணாடின்னு குளிக்கிற ரூமு சன்னலுக்கு விக்கான் பாரு, அத வாங்கிட்டு வந்து நிக்காத. அது மணலு மணலா இருக்கும், ஒன் கதாநாயகிக்கு அம்மை போட்ட மாதிரி வரும். நீயே தேய்க்கணும். எதால தேய்க்க? அலுமினியம் ஆக்சைடு பவுடராம், ஆன்லைன்ல வாங்கணுமாம். ஏலே, அது குருந்தக்கல்லுல்லா! இங்கிலீசுக்காரன் அதக் கொரண்டம்ங்கான், அந்தப் பேரே நம்ம வாயில இருந்து அவன் எடுத்துட்டுப் போனது. சாணை புடிக்கவன் குருந்தக்கல்ல இடிச்சு, அரக்குல கொழச்சு, சக்கரம் பண்ணித் தெருத்தெருவா வருவான். ஒங்க ஆச்சி அருவாமனைய அவன்ட்டதான் குடுப்பா. அவன் சக்கரத்துத் தூளு ஒனக்கு ஆகாது, முரடு. ஒனக்கு வேண்டியது ஆயிரம் நம்பருக்கு மேல, மூஞ்சிக்குப் பூசுத பவுடர் மாதிரி.

தேய்க்கிற விதத்தக் கேட்டுக்கிடு. ஒரே அளவுல ரெண்டு கண்ணாடி. ஒண்ணக் கீழ ஈரத்துணி மேல வை. சிட்டிகைத் தூளு, நாலு சொட்டுத் தண்ணி. மத்தத மேல வச்சு, எட்டு போடுத மாதிரி மெதுவா ஓட்டு. அமுக்காத. மொதல்ல கரகரங்கும், அம்மியில மொளகா அரைக்கும்போது கேக்குமே, அந்தச் சத்தம். பிறவு போகப்போகச் சத்தம் கம்மியாகி, வெண்ணெய் மேல வழுக்குத மாதிரி ஆகும். அப்ப கழுவிப் புதுத் தூளு போடு. இப்படிப் பல தடவ. வாசல்ல உக்காந்து பண்ணாத. ஒரு மாட்டு வண்டி போயி ஒரே ஒரு மணலு எந்திரிச்சு வந்து நடுவுல உக்காந்துச்சுன்னா போதும், குறுக்க ஒரு கீறலு விழும், ரெண்டு நாள் வேலை சாக்கடையில. உங்க சித்தப்பனுக்கு மூணு கண்ணாடி அப்படிப் போச்சு. நாலாவத ஆச்சி பூசை ரூம்ல கதவச் சாத்தி உக்காந்து தேச்சான். அவன் அந்த ரூம்ல அம்புட்டு நேரம் இருந்தது அதான் மொத தடவன்னு அவளுக்கு ஒரே ஆனந்தம்.

தேய்க்கச் சோம்பலா? ரெண்டு மெல்லிசுக் கண்ணாடிக்கு நடுவுல மெழுகு உருக்கி ஊத்துவாக. தேச்ச கண்ணாடியவிடப் பூவா வரும், மணலே தெரியாது. ஆனா ஆறும்போது ஒரு கொப்புளம் விழுந்தா மறுபடியும் உருக்கு. அந்தக் கொப்புளத்த வெரட்டுத நேரத்துல நீ ஒரு டிகிரி முடிச்சுரலாம்.

கண்ணாடி ஆச்சு. இனிமேதான் வேடிக்கை. கண்ணாடி எம்புட்டு நைசா இருந்தாலும் அதுல புள்ளி புள்ளியா ஒரு பொறி இருக்கும். ஆளு அசையுவான், பொறி அசையாது. அழுக்கு ஜன்னல் வழியா ஊரப் பாக்குத மாதிரி இருக்கும். ஒரு தூசி விழுந்தா, அது டிவியில எறும்பு அளவுக்கு, எல்லாக் காட்சியிலயும் அதே எடத்துல உக்காந்திருக்கும். அதுக்குத்தான் கண்ணாடிய ஆட்டணும், இல்ல சுத்தணும். சுத்துதவன் சிடி அடுக்கி வார டப்பாவுல மேல ஒரு வெறும் பிளாஸ்டிக் தட்டு இருக்குமே, அதத் தேச்சு, சிடி பிளேயர் மோட்டார்ல மாட்டுவான். தட்டு இம்மி கோணலாப் போச்சுன்னா படம் மூச்சு விடும், தெளிவாகும் மங்கும், தெளிவாகும் மங்கும், ஆஸ்துமாக்காரன் மாதிரி. ஆட்டுதவன் செல்போன்ல இருந்து அந்த உறுமுத மோட்டார உருவுவான். ஒரு பக்கம் கனமா ஒரு துண்டு ஈயம் மாதிரி தொங்குமே, அது. அதக் கண்ணாடிச் சட்டத்துல ஒட்டி, சட்டத்த நாலு ரப்பர்லயோ ஸ்பிரிங்லயோ தொங்க விட்டா, கண்ணாடி கிடுகிடுன்னு ஆடும், பொறி மறைஞ்சு போகும். சத்தம் மட்டும் மறையாது. உங்க சித்தப்பன் எடுத்த மொதப் படத்துல கதாநாயகன் காதல் சொல்லுத எடத்துல ஒரு கருவண்டு கூடவே பேசிக்கிட்டிருந்துச்சு.

அடுத்தது தூரம். இதுலதான் பாதிப்பேரு மண்ணக் கவ்வுனான். லென்சு உக்காருத எடத்துக்கும் கண்ணாடிக்கும் உள்ள தூரம் அச்சு மாறாம இருக்கணும். என் பென்டாக்சுக்கு 45.46 மில்லி. நிக்கானுக்கு 46.5. பழைய கேனன் எப்டிக்கு 42. அந்தப் புள்ளிக்குப் பின்னால இருக்க 46ஐப் பாத்தியா? அத நீ தண்ணிக் குழாய அரம் வச்சு ராவிக் கொண்டு வரப்போறியா? கொஞ்சம் கூடுனா தூரத்துல இருக்க மலை எப்பவும் தெளிவாகாது. லென்ச எம்புட்டுத் திருகுனாலும், மலைக்குக் கொஞ்சம் இங்கிட்டுலயே நின்னுரும்.

உங்க சித்தப்பன் ஒரு மாசம் ராவுனான். குழாய ராவுனான், வாசர் போட்டான், அட்டை வெட்டி வச்சான். நான் பாத்துக்கிட்டே இருந்தேன். ஏன் சொல்லலன்னு கேக்காத. கேக்காதவனுக்குச் சொன்னா மதிப்பு இல்ல. கடைசியா ஒரு நாள் ராத்திரி, "யப்பா, முடியலப்பா"ன்னு வந்து உக்காந்தான். அப்பதான் சொன்னேன்.

கிட்ட வா, ஒனக்கும் சொல்லுதேன். என்ட்ட ஒரு செத்த கே1000 கெடக்கு. 1976ல இருந்து 1997 வரைக்கும் பென்டாக்சுக்காரன் அடிச்சுத் தள்ளுன சாமான், அந்தக் காலத்து ஸ்டுடியோவுல எல்லாம் பாக்கலாம். என்னோடதுல மீட்டர் செத்துருச்சு, சட்டருல வேகம் எல்லாம் ஒண்ணாப் போச்சு. ஆனா பாடி இருக்குல்லா? அதுல பின் கதவத் தொற. பிலிம் ஓடுத ரெண்டு தண்டவாளம் இருக்கும். லென்சுக்கும் அந்தத் தண்டவாளத்துக்கும் நடுவுல உள்ள தூரத்தத்தான் நீ குழாயில தேடிக்கிட்டு அலையுத. ஜப்பான்காரன் பேக்டரியிலயே அளந்து வச்சுட்டான். சட்டர பியில வச்சு, கேபிள் ரிலீசு மாட்டி, அமுக்கித் திருகாணியப் பூட்டு. உள்ளாற சாஞ்சு நிக்க மொகம் பாக்குத கண்ணாடி மேல ஏறிக்கிடும், தெரை தொறந்தபடியே நிக்கும். தண்டவாளத்து மேல ஒன் தேச்ச கண்ணாடிய, தேச்ச பக்கம் லென்சப் பாக்க வை. சோலி முடிஞ்சுது. ரிப்பேர் பாக்கவன் போகஸ் சரியா இருக்கான்னு பாக்க, அந்த எடத்துல இப்படி ஒரு மங்கல் கண்ணாடிய வச்சுத்தான் காலம் காலமாப் பாக்கான். ஒரு மாசம் ராவுனவன் அன்னிக்கு என் கால்ல விழுந்தான். விழுகட்டும்னு நானும் தடுக்கல.

இன்னும் ஒரு குறுக்கு வழி இருக்கு. அதே பாடிக்குள்ள மேல ஒரு மங்கல் கண்ணாடி இருக்கும், நாம பாத்துப் போகஸ் பண்ணுதது அதுலதான். அதயே உருவிக்கிடலாம், தேய்க்க வேண்டாம். என்ன, அதுல நடுவுல பொடிப்பொடியா ஒரு வட்டம் இருக்கும். ஒன் கதாநாயகி நெத்தியில நீ பொட்டு வைக்காமலே ஒரு பொட்டு, தோசைக்கல்லு சைசுல, எல்லாக் காட்சியிலயும் விழும்.

மிச்சத்த வேகமாச் சொல்லிருதேன், வெயில் ஏறுது. படம் நடுவுல பளிச்சுன்னும் ஓரத்துல இருட்டாவும் இருக்கும். கண்ணாடிக்கு ஒட்டி ஒரு வீங்குன லென்சு வைக்கணும், என்லார்ஜர்ல இருக்குமே கண்டென்சர், அதான். என் என்லார்ஜர் எலி கடிச்சுக் கெடக்கு, அதுல ரெண்டு இருக்கு, எடுத்துக்கோ. ஜூம இழுத்து வச்சா ஹேண்டிகாமால கையெட்டுத தூரத்துக்குள்ள போகஸ் புடிக்க முடியாது. முன்னால 10ஆம் நம்பரு குளோசப் லென்சு மாட்டணும். கண்ணாடி அரைச் சாண் தூரத்துக்குள்ள வந்தாலும் பிறவு அது புடிச்சுக்கிடும். மட்டமான லென்சு வாங்குனா ஓரத்துல ஊதாவும் பச்சையும் வழியும், ரெண்டு கண்ணாடி ஒட்டுன ரகமாப் பாத்து வாங்கு. உள்ளாற பூரா கருப்பு அடி, கரும்பலகைக்கு அடிக்காகளே அந்தப் பளபளக்காத கருப்பு. முக்கியமா, ஆட்டோ போகஸ அணைச்சிரு. மோட்டார ஓட விடாம, கண்ணாடியோட பொறி தெளிவாத் தெரியுத வரைக்கும் ஹேண்டிகாமத் திருகு, தெரிஞ்சதும் டேப்பு போட்டு ஒட்டிரு. அதுக்கு மேல அதத் தொடப்பிடாது. ஒன் கையி இனிமே என் லென்சு வளையத்துல மட்டும்தான் இருக்கணும். அதுல தொளைக்குள்ள நம்பர் வளையத்தயும் 5.6 தாண்டி மூடாத. மூடுனா மறைஞ்ச பொறியெல்லாம் திரும்ப வந்து நிக்கும்.

வெளிச்சம்? பாதிக்கு மேல கண்ணாடி தின்னுரும். பகல் வெயில்ல எடு, நல்லா இருக்கும். ராத்திரி மண்டபத்துல எடுக்கணும்னா சன்கன் லைட்டப் புடிக்க ரெண்டு ஆளு வேணும், மணப்பொண்ணு பவுடர் உருகுததுக்கு நீதான் பொறுப்பு.

மண்டபம்னதும் ஞாபகம் வருது. உங்க சித்தப்பன் இத மாட்டிக்கிட்டு மொதமொதப் போனது ஒரு சடங்கு வீட்டுக்கு. வேண்டாம்லே, அங்க சும்மா ஹேண்டிகாமக் கொண்டு போன்னேன். "சினிமா மாதிரி எடுத்துக் குடுக்கேன்னு வாக்குக் குடுத்துட்டேன்"னான். தாய்மாமன் சீர் வருது. மேளம் முன்னால, இருபத்தோரு தட்டு பின்னால. நம்ம ஆளு மண்டி போட்டுக் கெடந்து எடுக்கான். மொதத் தட்டுல ஆப்பிள் அடுக்கியிருக்கு, அதுல போகஸ் வச்சான். வச்ச கை வச்ச எடத்துலயே நின்னு போச்சு. ஆப்பிள் ஒவ்வொண்ணும் அப்படி ஒரு தெளிவு, அதுல ஒட்டுன ஸ்டிக்கர வாசிக்கலாம். அதத் தூக்கிட்டு வந்த தாய்மாமன் வெள்ளை வேட்டியோட ஒரு பொகை மாதிரி மெதந்து வாரான்.

பத்து நாளு கழிச்சு டிவியில போட்டுப் பாத்தாக. தாய்மாமன் சேரை இழுத்துப் போட்டு முன்னால உக்காந்திருக்கான். "நான் எங்கடே?"ங்கான். "பின்னால வெள்ளையா ஆடுதுல்ல மாமா, அது நீங்கதான்." மூணு பவுனு போட்டவன் அவன்! "என் தட்டுத் தெரியுது, நான் தெரியல. என்னய ஆவின்னு நெனச்சியா?"ன்னு எந்திரிச்சான் பாரு. அட்வான்சு திரும்பிப் போச்சு, மேக்கொண்டு ஒரு சீலையும் போச்சு. விசேச வீட்டுல எல்லா மூஞ்சியும் தெரியணும்லே. எவன் யாரு பக்கத்துல நின்னான், எவ எந்தச் சீலைய ரெண்டாந்தடவ கெட்டிட்டு வந்தா, எவன் பந்தியில மொதல்ல உக்காந்தான், அதப் பாக்கத்தானே கேசட்டு? அந்தத் தொவரம்பருப்புச் சிப்பு அதுக்குன்னே செஞ்சு வச்ச மாதிரி. ஒண்ணையும் விடாது, எங்க சின்னத்தை கண்ணு மாதிரி.

இதுல பெரிய கூத்து எதுன்னா, அவன் கண்ணாடிய அரைச்சு முடிச்ச அதே 2008லதான் நிக்கான் டி90 வந்துச்சு. போட்டோ எடுக்க கேமராவுலயே வீடியோ. அந்த வருசமே கேனன் 5டி மார்க் 2. அதுல சிப்பே 36க்கு 24. தீப்பெட்டிப் படம் அளவு சிப்பு! நடுவுல கண்ணாடி வேண்டாம், மோட்டார் வேண்டாம், தலைகீழா நிக்க வேண்டாம். லென்ச மாட்டு, எடு. கொஞ்ச நாள்ல ஒலகம் பூரா குழாயும் சிடியும் பரணுக்குப் போச்சு. 2012ல வழக்கு எண் 18/9 வந்துச்சே, விஜய் மில்டன் ஒளிப்பதிவு பண்ணுனது, அது பூராவும் போட்டோ கேமராவுல எடுத்த படம். தியேட்டர்ல உக்காந்து பாத்துட்டு வந்து உங்க சித்தப்பன் ராத்திரி சாப்புடல. படம் அப்படின்னு நான் நெனச்சேன். அவன் மூணு கண்ணாடிய நெனச்சிருக்கான்.

இப்ப ஒன் செல்போனு கணக்குப் போட்டே மங்க வைக்கி. ஆளக் கத்தரிச்சு எடுத்துட்டு மிச்சத்த அழிக்கி. போன வாரம் என்னய ஒண்ணு எடுத்தியே, அதுல என் ஒரு காதையும் சேத்து அழிச்சுட்டு. காது கேக்காதுன்னு அதுக்கும் தெரிஞ்சிருக்கு.

இம்புட்டும் சொன்ன பிறவும் உக்காந்திருக்க. சரி, கிறுக்கு ஒறைச்சுப் போச்சு. ஒறைச்ச கிறுக்கத் தடுத்தா ஒளிஞ்சு பண்ணுவ, ஒளிஞ்சு பண்ணுனா ஆச்சி மிக்சிதான் போகும். பீரோவுல மேல்தட்டுல, வேட்டிக்கு அடியில, மஞ்சப் பையில இருக்கு. சாவி எனக்குத் தெரியாமத்தான் நீ நேத்தே எடுத்துட்ட, அதயும் திருப்பி வச்சுரு. செத்த பாடி ஒண்ணு, 50 மில்லி லென்சு ஒண்ணு, கேபிள் ரிலீசு ஒண்ணு. கூட ஒரு தீப்பெட்டி இருக்கும், அதுல துணி சுத்தி ஒரு கண்ணாடி. தொறக்கும்போது ஊதாத, வெரல் வைக்காத. உங்க சித்தப்பன் பூசை ரூம்ல தேச்ச நாலாவது கண்ணாடி அதான்.

லென்ச வெளிச்சத்துல தூக்கிப் பாக்க. என்ன, உள்ளாற செலந்தி வலை மாதிரி தெரியுதா? ஆமா, பூஞ்சை. எத்தனையோ ஐப்பசி மழையப் பாத்த லென்சு அது, பீரோவுக்குள்ள ஈரம். மொகத்தச் சுருக்காதலே. மங்கலாத்தானே வேணும்னு வந்த? பாதி வேலைய பூஞ்சை பாத்துருச்சு, மிச்சத்த நீ பாத்துக்கோ. அடுத்த தடவ வரும்போது மட்டும் மெல்லாமத் திங்க மாதிரி ஏதாவது கொண்டா, அல்வா கில்வா.